பூட்டு உடையாத களவு

அசோகவனத்திலே சிறையிருந்த சீதையின் முன் அனுமன் வந்து நின்றபோது, அவளுள்ளத்தில் முதற்கண் எழுந்தது மகிழ்ச்சியன்று, ஐயமே எழுந்தது. வேற்றுருக் கொள்ள வல்ல அரக்கர் வாழும் ஊர் அது. இராமனுடைய பெயரைச் சொல்லி வந்தவன் இராமனுடைய தூதன்தானா, இராவணனது மாயையா என்பதைத் துணிவதற்கு அவளுக்கு ஒரு சான்று வேண்டியிருந்தது. அனுமன் கணையாழியைக் கொடுத்தான். திரும்பும்போது சீதை சூடாமணியைக் கொடுத்தனுப்பியதோடு அமையாமல், தானும் தலைவனும் மட்டுமே அறிந்த காகத்தின் கதையையும் சொல்லியனுப்பினாள். பொருளைக் களவாடலாம்; இருவர் மனத்தில் மட்டும் உள்ள செய்தியைக் களவாடல் அரிது என்பதை அவள் நன்கு உணர்ந்திருந்தாள் போலும்.

ஒருவரையொருவர் காணாமலே செய்தி பரிமாறும் இருவர், எதிரே உள்ளவர் தாம் கருதும் ஆள்தான் என்று எவ்வாறு துணிவது? இவ்வினாவை இன்று கணினிகள் ஒவ்வொரு நொடியும் எழுப்பி விடை காண்கின்றன. கைத்தொலைபேசியிலிருந்து வங்கிக் கணக்கைத் திறப்பவர் அதனை அறிவதில்லை. அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவது அவர்தானா என்று வங்கியின் கணினி கேட்கின்றது. வங்கி என்று சொல்லிக்கொள்வது வங்கிதானா என்று அவருடைய தொலைபேசி கேட்கின்றது. இந்த வினாவிடைக்குரிய ஒழுங்கைப் பாதுகாப்பு நெறிமுறை என்பர். அது பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு செய்திகளால் ஆன சிறிய உரையாடலே. இத்துணைச் சிறிய ஒன்றிலே என்ன பிழை நேர்ந்துவிடப் போகின்றது என்று எவரும் எண்ணக்கூடும். அவ்வாறு எண்ணியவர்களுள் மிகச் சிறந்த அறிஞர்களும் இருந்தனர். 17 ஆண்டுகள் எவர் கண்ணிலும் படாதிருந்த ஒரு பிழையின் வரலாறு இதற்குச் சான்றாகும்.

1978ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில், ஏ.சி.எம். என்னும் கணினிச் சங்கத்தின் மாத இதழிலே ஒரு கட்டுரை வெளியாயிற்று. அதனை எழுதியவர்கள் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த றொஜர் நீடாம், கலிபோர்னியாவிலுள்ள செரொக்ஸ் ஆய்வுநிலையத்தைச் சேர்ந்த மைக்கல் சுரோடர் ஆகிய இருவர். பல கணினிகள் ஒரே வலையமைப்பில் இணைக்கப்பட்டிருக்கும்போது, மறைகுறியீட்டைக் கொண்டு ஒன்றையொன்று அடையாளங் காண்பது எவ்வாறு என்பதே கட்டுரையின் பொருள். அவர்கள் கூறிய வழிகளுள் ஒன்று, அக்காலத்திலே புத்தம் புதிதாக இருந்த பொதுத் திறவுகோல் முறையை அடிப்படையாகக் கொண்டது.

பொதுத் திறவுகோல் என்னும் பெயர் சற்று மயக்கந் தருவது. அதனைப் பூட்டு என்று கொண்டால் விளங்கும். ஒவ்வொருவரும் தமக்கென ஒருவகைப் பூட்டைச் செய்து, திறந்த நிலையில் ஊரெங்கும் வழங்கிவிடுகின்றனர் என்று வைத்துக்கொள்க. எவர் வேண்டுமானாலும் ஒரு பெட்டிக்குள்ளே செய்தியை வைத்து, அந்தப் பூட்டை அமுக்கிப் பூட்டிவிடலாம். ஆயின் அதனைத் திறக்கும் திறவுகோல் உரியவரிடம் மட்டுமே உண்டு. பூட்டியவர்கூட மீளத் திறக்க இயலாது. இத்தகைய பூட்டைக் கணிதத்தால் ஆக்கிக் காட்டிய புகழ்பெற்ற ஆய்வுரையும் அதே 1978ஆம் ஆண்டின் பெப்ரவரி இதழிலே வெளிவந்ததுதான்.

இனி, அம்பலவாணர் என்பவர் பசுபதியாரோடு பேச விரும்புகின்றார் என்க. அவர் தம் மனம்போன போக்கில் ஒரு பெரிய எண்ணைத் தெரிந்தெடுக்கின்றார். அது முன்னர் எவரும் பயன்படுத்தாதது. இந்த ஒரு முறைக்கே உரியது. அந்த எண்ணையும் தம் பெயரையும் ஒரு பெட்டியில் வைத்து, பசுபதியாரின் பூட்டினாற் பூட்டி அனுப்புகின்றார். பசுபதியார் அதனைத் திறந்து, அதிலுள்ள எண்ணோடு தாம் புதிதாகத் தெரிந்தெடுத்த இன்னோர் எண்ணையும் சேர்த்து, அம்பலவாணரின் பூட்டினாற் பூட்டித் திருப்பி அனுப்புகின்றார். அம்பலவாணர் அப்பெட்டியைத் திறந்து, தம்முடைய எண் உள்ளே இருக்கக் காண்கின்றார். பின்பு பசுபதியாரின் எண்ணை மட்டும் மற்றொரு பெட்டியில் வைத்து, பசுபதியாரின் பூட்டை இட்டு அனுப்பிவிடுகின்றார். உரையாடல் முடிந்தது. பூட்டுகளை நம்பத்தக்க ஒருவரிடமிருந்து பெற்றுக்கொள்வதற்கு மேலும் 4 செய்திகள் மூலக்கட்டுரையில் உண்டு. அவற்றை விடுத்தால் எஞ்சுவன இந்த மூன்று பெட்டிகளே.

இதிலுள்ள நியாயத்தைக் கவனிக்க வேண்டும். தம்முடைய எண் திரும்பி வந்தமையால், முதற்பெட்டியைப் பசுபதியார் திறந்திருக்க வேண்டும் என்று அம்பலவாணர் துணிகின்றார். அவரையன்றி வேறெவரும் அதனைத் திறத்தல் இயலாதல்லவா? அவ்வாறே, தம்முடைய எண் திரும்பி வந்தமையால், இரண்டாம் பெட்டியை அம்பலவாணர் திறந்திருக்க வேண்டும் என்று பசுபதியார் துணிகின்றார். எண்கள் புதியன ஆதலின், பழைய பெட்டியொன்றை எவரோ எடுத்துவைத்திருந்து மறுபடி அனுப்பியிருப்பாரோ என்ற ஐயத்துக்கும் இடமில்லை. சிறுபிள்ளைக்கும் விளங்கும் நியாயம். குற்றம் எங்கே உள்ளது என்று இக்கட்டத்திலே நேயர்கள் தேடிப் பார்த்தால், 17 ஆண்டுக்காலம் வல்லுநர்கள் காணத் தவறியது ஏன் என்பது அவர்களுக்கே புலனாகும்.

நீடாமும் சுரோடரும் தற்பெருமை கொண்டவர்களல்லர். இத்தகைய நெறிமுறைகளில் மிக நுண்ணிய பிழைகள் நேரக்கூடும் என்றும், அவை அன்றாட வழக்கிலே வெளிப்படமாட்டா என்றும், சரிபிழை காண்பதற்குத் தக்க முறைகள் தேவை என்றும் தம் கட்டுரையின் இறுதியிலே அவர்களே எழுதி வைத்தனர். நீடாம் அத்தோடு நிற்கவுமில்லை. மைக்கல் பறோஸ், மார்ட்டின் அபாடி என்னும் இருவரோடு சேர்ந்து, 1989ஆம் ஆண்டில் அடையாள உறுதிப்பாட்டுக்கென்றே ஓர் அளவையியலை அமைத்து வெளியிட்டார். இன்னார் இன்னதை நம்புகின்றார், இன்னார் இன்னதைப் பெற்றார், இச்செய்தி புதியது என்பன போன்ற கூற்றுக்களைக் குறியீடுகளால் எழுதி, ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பெறும் விதிகளை அது வகுத்தது. பல நெறிமுறைகளின் குறைகளை அந்த அளவையியல் வெளிக்கொணர்ந்தது. மூன்று பெட்டிகளையும் அது சோதித்தது. அவற்றில் உறைந்திருந்த பெருங்குறை அதன் கண்ணுக்கும் தப்பிவிட்டது. தாம் கட்டிய வீட்டைத் தாமே செய்த அளவுகோலால் அளந்து, விரிசலைக் காணாது போன கட்டடக்காரரின் நிலையே நீடாமுக்கு நேர்ந்தது. அதற்காக அவரைக் குறைகூறுதல் தகாது. வேறெவரும் அதுவரை அவ்வளவுகூட அளந்திலர்.

1995ஆம் ஆண்டில் ஒக்ஸ்போட்டைச் சேர்ந்த கவின் லோ என்பவர் அக்குறையை வெளியிட்டார். அது நிகழும் விதம் வருமாறு.

அம்பலவாணர் இம்முறை பசுபதியாரோடு பேச விரும்பவில்லை. சின்னத்தம்பி என்னும் மூன்றாமவரோடு பேச விரும்புகின்றார். சின்னத்தம்பியும் ஊரறிய ஒரு பூட்டை வழங்கியிருப்பவர்தாம். ஆயின் அவர் உள்ளத்திலே வஞ்சனை உண்டு. அம்பலவாணர் தமது எண்ணையும் பெயரையும் சின்னத்தம்பியின் பூட்டினாற் பூட்டி அனுப்புகின்றார். சின்னத்தம்பி அதனை முறைப்படி திறக்கின்றார். திறந்ததும், உள்ளிருந்தவற்றை அப்படியே எடுத்து, பசுபதியாரின் பூட்டை இட்டுப் பசுபதியாருக்கு அனுப்பிவிடுகின்றார். பெட்டியைத் திறந்த பசுபதியார், அம்பலவாணர் பேச வந்திருக்கின்றார் என்று எண்ணி, இரண்டு எண்களையும் அம்பலவாணரின் பூட்டினாற் பூட்டி மறுமொழி விடுக்கின்றார். இந்தப் பெட்டியைச் சின்னத்தம்பியினால் திறக்க முடியாது. திறக்க வேண்டிய தேவையும் அவருக்கில்லை. அதனை அப்படியே அம்பலவாணரிடம் தள்ளிவிடுகின்றார்.

அம்பலவாணர் தாம் எதிர்பார்த்திருந்த மறுமொழி சின்னத்தம்பியிடமிருந்து வந்துவிட்டது என்று நம்புகின்றார். திறந்து பார்க்கின்றார், தமது எண் இருக்கின்றது. கூட இருக்கும் மற்ற எண் சின்னத்தம்பியினுடையது என்று கருதி, அதனைச் சின்னத்தம்பியின் பூட்டினாற் பூட்டி அவருக்கே அனுப்பிவிடுகின்றார். தம்மால் திறக்க முடியாத பெட்டியை உரியவரைக் கொண்டே திறப்பித்தாயிற்று. சின்னத்தம்பி அந்த எண்ணை எடுத்துப் பசுபதியாருக்கு அனுப்புகின்றார். பசுபதியார், அம்பலவாணர்தாம் எதிரே இருக்கின்றார் என்பதில் இனி எள்ளளவும் ஐயமில்லை என்று முடிவு செய்கின்றார்.

பசுபதியார் என்பது ஒரு வங்கியின் கணினி என்று எண்ணிப் பார்த்தால், இதன் கேடு உடனே விளங்கும். அந்த இரண்டு எண்களையும் கையிற்கொண்ட சின்னத்தம்பி, அம்பலவாணரின் கணக்கிலுள்ள பணத்தைத் தம் கணக்குக்கு மாற்றுமாறு கட்டளையிடலாம். வங்கி அதனைத் தன் வாடிக்கையாளரின் கட்டளையாகவே ஏற்றுக்கொள்ளும். பின்னர் அம்பலவாணர் முறையிட்டால், அடையாளம் சரியாகவே உறுதிசெய்யப்பட்டது என்று வங்கி தன் பதிவேட்டைக் காட்டும். பூட்டு ஒன்றும் உடைக்கப்படவில்லை; திறவுகோல் ஒன்றும் களவு போகவில்லை; எவரும் விதியை மீறியதாகப் பதிவேடு சொல்லாது. பழி முழுவதும் ஏமாந்தவர் தலைமேலேயே விழும்.

முன்னே சொன்ன நியாயம் எங்கே தளர்ந்தது? இரண்டாம் பெட்டியை அம்பலவாணர் திறந்தார் என்று பசுபதியார் கொண்டது உண்மையே. அவர் உயிரோடு இருக்கின்றார், இப்போது இயங்குகின்றார் என்பதும் உண்மையே. ஆயின் அவர் பசுபதியாரோடு பேசுவதாக எண்ணித் திறந்தாரா? அதற்குச் சான்று எதுவும் அப்பெட்டிகளில் இல்லை. ஒருவர் இருக்கின்றார் என்பது வேறு. அவர் என்னோடுதான் பேசுகின்றார் என்பது வேறு. இருவரும் ஒரே செய்தியைப் பற்றி ஒத்த கருத்தினராய் உள்ளனர் என்பது வேறு. அடையாள உறுதிப்பாடு என்ற ஒரே சொல்லுக்குள் இவையெல்லாம் கலந்து கிடந்தன. 1997இல் லோ இவற்றைப் படிப்படியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் திட்டமான வரைவிலக்கணம் கொடுத்தார். தாக்குதலைக் கண்டுபிடித்ததைக் காட்டிலும் இதுவே நிலைத்த பணி என்று சொன்னாலும் மிகையாகாது. எது வேண்டும் என்று வரையறுத்துச் சொல்லாதவருக்கு, வேண்டியது கிடைத்ததா என்று சோதிக்க வழியில்லை.

லோ கையாண்ட முறையும் அறியத்தக்கது. டானி டோலெவ், அன்ட்ரூ யாவ் என்னும் இருவர் 1980களின் தொடக்கத்திலே ஒரு மாதிரியுருவை அமைத்திருந்தனர். அதன்படி பூட்டுகள் குற்றமற்றவை. எவராலும் உடைக்க முடியாதவை. ஆயின் தெரு முழுவதும் பகைவனுக்குச் சொந்தம். போகும் பெட்டி ஒவ்வொன்றையும் அவன் பிடிக்கலாம், தடுக்கலாம், மறுபடி அனுப்பலாம், தான் அறிந்தவற்றைக் கொண்டு புதிய பெட்டிகளை ஆக்கலாம். அத்தகைய பகைவனுக்கு எதிரே நெறிமுறை நிலைநிற்குமா என்பதே கேள்வி. லோ இம்மூவரையும், அதாவது தொடங்குபவர், மறுமொழி சொல்பவர், பகைவர் ஆகியோரை, சி.எஸ்.பி. என்னும் குறியீட்டு மொழியிலே எழுதினார். பின்னர் எஃப்.டி.ஆர். என்னும் கணினிச் செயலி, அம்மூவரும் கூடி அடையக்கூடிய நிலைகள் அனைத்தையும் ஒன்றுவிடாமல் நடந்து பார்த்தது. மனிதர் இவ்வாறு நடந்து பார்ப்பதில்லை. எது இயல்பாகத் தோன்றுகின்றதோ அந்த வழியிலே நடந்துவிட்டு, எஞ்சியவற்றை நன்று என்று கொண்டுவிடுகின்றனர். எந்திரத்துக்கு இயல்பானது, இயல்பல்லாதது என்ற வேறுபாடு கிடையாது. அதனாலேயே அது சின்னத்தம்பியின் வழியையும் நடந்து கண்டது.

சி.எஸ்.பி. என்பது தம்முள் செய்தி பரிமாறிக்கொண்டு ஒருங்கே இயங்கும் பல செயல்முறைகளை விவரிக்கும் மொழி. அதனை ஆக்கியவர் சாள்ஸ் அந்தனி றிச்சட் ஹோர். பிரித்தானியப் பெற்றோருக்கு மகனாக 1934ஆம் ஆண்டில் கொழும்பிலே பிறந்தவர் அவர் என்பதை நேயர்களிற் சிலர் அறிந்திருக்கக்கூடும். சி.எஸ்.பி. பற்றிய அவருடைய கட்டுரையும் 1978ஆம் ஆண்டு, ஓகஸ்ட் மாதத்தில், அதே இதழிலேதான் வெளிவந்தது. பெப்ரவரியிலே பூட்டும், ஓகஸ்டிலே உரைகல்லும், டிசெம்பரிலே பழுதுபட்ட நெறிமுறையும் ஒரே ஆண்டின் ஒரே தொகுதிக்குள் அடங்கிக் கிடந்தன. மூன்றையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்க 17 ஆண்டுகள் சென்றன.

குறைக்கு லோ கண்ட மருந்து மிகச் சிறியது. பசுபதியார் இரண்டாம் பெட்டியில் இரு எண்களோடு தம் பெயரையும் வைக்க வேண்டும். அவ்வளவே. அப்பெட்டி சின்னத்தம்பி வழியாக வந்தாலும், சின்னத்தம்பியின் மறுமொழியை எதிர்பார்த்திருக்கும் அம்பலவாணர் உள்ளே பசுபதியாரின் பெயரைக் கண்டவுடன் உரையாடலை நிறுத்திவிடுவார். திறக்க முடியாத பெட்டியிலிருந்து பெயரை மாற்றச் சின்னத்தம்பியால் ஆகாது.

திருத்திய நெறிமுறையை எந்திரம் மறுபடி சோதித்துத் தாக்குதல் எதுவும் காணவில்லை. ஆயினும் எந்திரம் பார்த்தது சிறியதோர் உலகம். ஒருவர் தொடங்க, ஒருவர் மறுமொழி சொல்லும் உலகம். ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் பேசும் உலகில் புதிய சூழ்ச்சி பிறவாதென்பது என்ன நிச்சயம்? சிறிய உலகில் தாக்குதல் இல்லையெனின் பெரிய உலகிலும் இல்லை என்பதை இந்த நெறிமுறைக்கெனத் தனியாகக் கைப்பட நிறுவி, லோ அந்த இடைவெளியை அடைத்தார். பின்னர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில், நீடாம் பணியாற்றிய அதே இடத்தில், லோறன்ஸ் போல்சன் என்பவர் வேறொரு வழியை எடுத்தார். நிலைகளை எண்ணாமல், பள்ளிக் கணிதத்திலே மாணவர் கற்கும் தொகுத்தறிதல் முறையைக் கொண்டு, எத்தனை பேர் பேசினும் பொருந்தும் தேற்றங்களை எந்திரத்தின் துணையோடு நிறுவினார். பழைய நெறிமுறைக்கு அவர் அவ்வாறே நிறுவ முயன்றபோது, நிறுவல் ஓரிடத்திலே தடைப்பட்டு நின்றது. தடைப்பட்ட இடத்திலே எஞ்சியிருந்த கூற்றை வாசித்தால், அது சின்னத்தம்பியின் சூழ்ச்சியேயன்றி வேறில்லை. எல்லா நெறிமுறைகளுக்கும் இவ்வாறு விடைசொல்லும் ஒரே பொதுமுறை மட்டும் இருத்தல் இயலாது. உரையாடல்களின் எண்ணிக்கைக்கு எல்லை வகுக்காவிடின் இவ்வினா தீர்க்க முடியாத வினாக்களின் வகையைச் சேரும் என்பது நிறுவப்பட்டுவிட்டது. ஆதலால் சில சமயம் எந்திரம் விடை கூறாமலே ஓடிக்கொண்டிருக்கும்.

இனி, 1978இல் எழுதியவர்கள் உண்மையில் பிழைசெய்தார்களா என்றொரு வழக்கும் உண்டு. நெறிமுறையிலே பங்குகொள்வோர் நேர்மையானவர், பகைவன் வெளியிலிருந்து வருபவன் என்பது அவர்கள் கொண்ட எடுகோள். ஒரே நிறுவனத்தின் கணினிகள் பேசிக்கொள்ளும் வலையமைப்புக்கு அது பொருத்தமானதே. அந்த எடுகோளின் கீழே மூன்று பெட்டிகளுக்கும் குற்றமில்லை. நீடாமின் அளவையியலும் அதனையே கொண்டிருந்தமையால் குற்றங் காணவில்லை. ஆனால் வலையமைப்பு உலகமெங்கும் விரிந்தபோது, பூட்டு வைத்திருக்கும் எவரையும் நேர்மையாளர் என்று கொள்ளுதல் இயலாதாயிற்று. எடுகோள் எவரும் அறியாமலே காலாவதியாகிவிட, நெறிமுறை மட்டும் பாடநூல்களிலே நிலைத்துவிட்டது. ஆதலின் பிழை பெட்டிகளில் இருந்தது என்பதிலும், எடுகோளை எழுதிவைக்காத பழக்கத்தில் இருந்தது என்பதே நேரிய தீர்ப்பாகும்.

அதே கட்டுரையிலிருந்த மற்றொரு நெறிமுறைக்கும் இதுபோன்றதொரு விதி நேர்ந்தது. 1981இல் டொறதி டெனிங், ஜியோவானி சாக்கோ என்போர் அதன் குறையைக் காட்டினர். பழைய உரையாடலொன்றின் திறவுகோல் வெளிப்பட்டுவிடின், அவ்வுரையாடலின் செய்தியையே மீள அனுப்பி ஏமாற்றலாம் என்பது அக்குறை. செய்திகளில் நேரத்தைப் பொறித்தலே அவர்கள் சொன்ன பரிகாரம். மசாசுசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்திலே 1980களில் உருவான கெர்பரோஸ் என்னும் முறைமை அவ்வழியைப் பின்பற்றியது.

லோவின் காலத்திலே பிழை கண்டது நெறிமுறை வெளிவந்த பின்னர். இந்த ஒழுங்கு பின்பு மாறியது. இணையத்திலே செய்திகளைக் காக்கும் டி.எல்.எஸ். என்னும் நெறிமுறையின் 1.3 ஆம் பதிப்பு வரைவு நிலையில் இருந்தபோதே ஆராய்ச்சியாளரின் கைக்குச் சென்றது. காஸ் கிறீமர்ஸ் என்பவரும் அவரோடு மூவரும் தமரின் என்னும் செயலியைக் கொண்டு 10 ஆம் வரைவை ஆராய்ந்தனர். அவ்வரைவோடு, உரையாடலின் நடுவே பயனாளர் தம் அடையாளத்தை நிறுவுவதற்கென ஓர் ஏற்பாட்டைச் சேர்ப்பதற்கு யோசனை இருந்தது. அதனையும் சேர்த்துப் பார்த்தபோது ஒரு தாக்குதல் வெளிப்பட்டது. வஞ்சகமான சேவையகம் ஒன்று நடுவிலே நின்று, தன்னிடம் வந்தவரின் கையொப்பத்தைப் பெற்று, அவர் போலவே வேறொரு சேவையகத்திடம் நுழைந்துவிடுகின்றது. கையொப்பம் மெய்யானதே, அது எவருக்காக இடப்பட்டது என்பது மட்டும் போதியவாறு பிணைக்கப்படவில்லை. சின்னத்தம்பி புதிய உடையணிந்து வந்திருந்தார். 2016இல் அந்த ஆய்வு வெளியாயிற்று. அதற்கேற்ப வரைவு திருத்தப்பட்டது. இறுதிப் பதிப்பு 2018ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் வெளிவந்தபோது, அந்த வழி அடைபட்டிருந்தது. அதனால் எந்த வங்கி வாடிக்கையாளரும் ஒரு சதமேனும் இழக்கவில்லை.